கடல் கடந்த கல்லறைகள்: கான்பெராவின் போர் நினைவகம்

ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில், நாடாளுமன்றம் அமைந்த குன்றிலிருந்து வடகிழக்கே நோக்குபவருக்கு, பழைய நாடாளுமன்ற மாளிகைக்கும் பர்லி கிரிஃபின் ஏரிக்கும் அப்பால், செந்நிறச் செங்கற்பொடி பரப்பிய அகன்ற சாலையொன்று முடியும் இடத்தில், மரங்கள் அடர்ந்த ஐன்ஸ்லி மலையின் அடிவாரத்தில், செப்புக் குவிமாடம் தாங்கிய மணற்கல் கட்டடம் ஒன்று தெரியும். அதுவே ஆஸ்திரேலியப் போர் நினைவகம். நாட்டின் சட்டங்களை இயற்றும் மன்றமும் நாட்டுக்காக மாண்டவர்களின் பெயர்களைத் தாங்கும் மண்டபமும் ஒரே நேர்கோட்டின் இரு முனைகளில் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்பதைத் திட்டமிட்ட ஏற்பாடு என்றே வருகையாளர் எண்ணுவது இயல்பு. ஆனால் நகரின் முதல் வரைபடத்தில் இந்த நினைவகத்துக்கு இடமே இல்லை. 1912-இல் தலைநகர் வடிவமைப்புப் போட்டியில் வென்ற சிகாகோ கட்டடக் கலைஞர்களான வால்டர் பர்லி கிரிஃபினும் அவருடைய மனைவி மேரியன் மஹோனி கிரிஃபினும், ‘நில அச்சு’ எனப்படும் அந்த நேர்கோட்டின் வடமுனையில் மக்கள் கூடிப் பொழுதுபோக்குவதற்கான ஒரு களிப்பிடத்தையே வரைந்திருந்தனர். இரண்டே ஆண்டுகளில் முதல் உலகப் போர் தொடங்கியது. அந்தப் போர் முடிந்தபோது மலையடிவாரத்தில் எது நிற்க வேண்டும் என்பது பற்றிய மக்களின் எண்ணமும் மாறிவிட்டிருந்தது.

நினைவுக் கோயில், அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் என்னும் மூன்று நிறுவனங்கள் இங்கு ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. வேறு பல நாடுகளில் இவை மூன்றும் தனித்தனியே அமைந்திருக்க, ஆஸ்திரேலியர்கள் மட்டும் இவற்றைப் பிரிக்க முடியாதவையாகக் கருதியது ஏன் என்ற கேள்விக்கு விடை, கட்டடக் கலையில் அன்று, தொலைவில்தான் இருக்கிறது. போர்க்களங்களும் கல்லறைகளும் ஏறத்தாழ 15,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தன. இறந்தவர்களின் வீடுகளோ இங்கே இருந்தன. அந்த இடைவெளியை நிரப்ப முயன்ற கட்டடமாகப் பார்க்கும்போதுதான் இதன் ஒவ்வொரு பகுதியும் பொருள்படத் தொடங்குகிறது.

1914-இல் ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை ஐம்பது லட்சத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. அவர்களுள் 4,16,000-க்கும் மேற்பட்டோர் படையில் பெயர் பதிந்தனர். அனைவரும் தாமாக முன்வந்தவர்கள், ஏனெனில் கட்டாய ராணுவ சேவையை 1916, 1917 ஆகிய ஆண்டுகளில் நடந்த இரு பொதுவாக்கெடுப்புகளிலும் மக்கள் ஏற்க மறுத்தனர். கடல் கடந்து சென்ற சுமார் 3,30,000 பேரில் 60,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர் எவராயினும் அவர் வீழ்ந்த நாட்டிலேயே அடக்கம் செய்யப்பட வேண்டும், செல்வமுள்ள குடும்பம் மட்டும் தன் மகனின் உடலை வீட்டுக்குக் கொண்டுவர இடமளிக்கலாகாது என்பது பிரித்தானியப் பேரரசு வகுத்த விதி. சமத்துவம் கருதி எழுந்த அவ்விதி, இங்கிலாந்தில் இருந்த ஒரு தாய்க்கு ஒருநாள் கால்வாய் கடந்து சென்று மகனின் கல்லறையைப் பார்க்கும் வாய்ப்பையாவது விட்டுவைத்தது. ஆஸ்திரேலியத் தாய்க்கு அதுவும் இல்லை. பல வாரக் கப்பல் பயணத்துக்கான செலவு உழைக்கும் குடும்பங்களின் கைக்கு எட்டாதது. மேலும், இறந்தவர்களுள் ஆயிரக்கணக்கானோருக்குக் கல்லறை என்று சொல்லத்தக்க ஒன்றே கிடையாது. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் உள்ள மெனின் வாயிலில் மட்டும், உடல் கிடைக்காத 6,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. கான்பெராவின் டன்ட்ரூன் ராணுவக் கல்லூரியை நிறுவியவரும், துருக்கியின் கல்லிப்பொலியில் குண்டடிபட்டு 1915 மே மாதத்தில் இறந்தவருமான மேஜர் ஜெனரல் வில்லியம் பிரிட்ஜஸின் உடல் தாயகம் கொண்டுவரப்பட்டு, அந்தக் கல்லூரிக்கு மேலுள்ள சரிவில் அடக்கம் செய்யப்பட்டது. கான்பெரா முழுவதையும் கற்பனை செய்த கிரிஃபின், அந்நகரில் தம் கையால் வடிவமைத்து நிலைபெற்ற ஒரே கட்டுமானம் அந்தக் கல்லறைதான். நினைவகத்திலிருந்து சற்றுத் தொலைவிலேயே அமைந்துள்ள அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருபவருக்கு, அடக்கத்துக்கு உடல் கிடைத்த ஒருவருக்கும் கிடைக்காத அறுபதாயிரம் பேருக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகப் புரியும்.

நினைவகம் என்ற எண்ணத்துக்கு உரியவர் சார்ல்ஸ் பீன் என்னும் பத்திரிகையாளர். ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வப் போர்ச் செய்தியாளராக நியமிக்கப்பட்ட அவர், 1915 ஏப்ரல் 25 அன்று கல்லிப்பொலியில் படைகளுடன் கரையிறங்கினார். ஆகஸ்டில் காலில் குண்டு பாய்ந்தபோதும் களத்தை விட்டு அகல மறுத்தார். மறு ஆண்டு பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் உள்ள போசியேர் என்னும் சிற்றூருக்காக நடந்த போரில், ஆறு வார காலத்துக்குள் 23,000 ஆஸ்திரேலியர்கள் இறந்தோ காயமுற்றோ போயினர். ஓயாத பீரங்கித் தாக்குதலில் அவ்வூர் இருந்த இடம் தெரியாமல் செம்மண் பொடியானது. அந்தக் களத்தை நாள்தோறும் நடந்து பார்த்த பீனின் மனத்தில், இங்கு நடந்ததை வீட்டில் இருப்பவர்களுக்கு எவ்வாறு காட்டுவது என்ற கேள்வி எழுந்தது. களத்தின் பொருள்களும், வீரர்களின் கையெழுத்தில் உள்ள நாட்குறிப்புகளும், மாண்டவர்களின் பெயர்களும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதே அவர் கண்ட விடை.

1917 மே மாதத்தில் லண்டனில் ஆஸ்திரேலியப் போர் ஆவணப் பிரிவு தொடங்கப்பட்டு, ஜான் டிரெலோர் என்னும் இளம் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. படைப்பிரிவுகள் தத்தம் நாட்குறிப்புகளை ஒழுங்காக எழுதி அனுப்பவும், களத்தில் கிடைக்கும் பொருள்களை எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற குறிப்புச் சீட்டுடன் சேர்க்கவும் அவர் வீரர்களைப் பழக்கினார். போர் முடிவதற்குள் சுமார் 25,000 பொருள்கள் சேர்ந்தன. இங்கு பீன் பிடிவாதமாகக் கடைப்பிடித்த ஒரு சொல்வழக்கைக் குறிப்பிட வேண்டும். எதிரியிடமிருந்து பறித்த பீரங்கியையும் கொடியையும் ‘வெற்றிச் சின்னம்’ என்று அழைப்பது அக்கால உலக வழக்கு. பீனோ அச்சொல்லை விலக்கி, புனிதர்கள் விட்டுச்சென்ற எலும்புக்கும் ஆடைக்கும் கிறித்துவ மரபில் வழங்கும் ‘மீதப்பொருள்’ என்ற சொல்லையே அவற்றுக்குச் சூட்டினார். தோற்றவனை இகழ்வதற்காக அன்று, இறந்தவனின் கை பட்ட பொருள் என்பதற்காகவே அது போற்றப்பட வேண்டும் என்பது இதன் கருத்து. உடல் வீடு திரும்பாத நிலையில், அந்த உடலின் அருகே இருந்த பொருளேனும் திரும்பட்டும் என்ற ஏக்கத்தை இச்சொல் தன்னுள் அடக்கியிருக்கிறது. போர் அருங்காட்சியகம் ஒன்று ஆயுதக் கிடங்காகச் சரிந்துவிடாமல் காக்கும் ஆற்றல் ஒரு சொல்லுக்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று அரிது.

பொருள்கள் வந்துவிட்டன, கட்டடம் வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. சேகரிப்பு 1922-இல் மெல்பர்னின் கண்காட்சி மாளிகையிலும், 1925 முதல் பத்தாண்டுகள் சிட்னியிலும் காட்சிக்கு வைக்கப்பட்டது. கான்பெராவில் எழுப்பவேண்டிய கட்டடத்துக்காக நடந்த போட்டியில் 69 வடிவமைப்புகள் வந்தும், விதித்திருந்த 2,50,000 பவுண்டு வரம்புக்குள் நிறைவேற்றத்தக்கது ஒன்றும் இல்லாமையால், எமில் சோடர்ஸ்டென், ஜான் கிரஸ்ட் என்னும் இரு கலைஞர்கள் தம் வரைவுகளை ஒன்றிணைத்துத் தருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர்; கட்டடத்தின் கனத்த தோற்றம் பெரிதும் முன்னவருடையது, பெயர்களைத் திறந்த தாழ்வாரங்களில் வைக்கும் சிக்கனமான ஏற்பாடு பின்னவருடையது. 1929 ஏப்ரல் 25 அன்று தொடக்க விழா நடந்தது. அதே ஆண்டில் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்து வேலையை முடக்கியது. இறுதியில் 1941 நவம்பர் 11 அன்று நினைவகம் திறக்கப்பட்டபோது, எந்தப் போர் எல்லாப் போர்களுக்கும் முடிவு என்று நம்பி இது கற்பனை செய்யப்பட்டதோ அதைவிடப் பெரிய போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் முடிவதற்குள் பசிபிக்கிலும் அது மூண்டது. ஒரு போருக்காகக் கட்டிய மண்டபம் திறக்கும் நாளிலேயே போதாததாகிவிட்டது. 1952-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஆஸ்திரேலியர் பங்கேற்ற எல்லாப் போர்களுக்கும் உரியதாக அது விரிவடைந்தது.

நினைவகத்தை அடையும் சாலைக்கு ஆன்சாக் பரேட் என்று பெயர். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைத்தொகுதி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து ‘ஆன்சாக்’ என்ற சொல் பிறந்தது. கல்லிப்பொலித் தரையிறக்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1965 ஏப்ரல் 25 அன்று திறக்கப்பட்ட இச்சாலையின் இருபுறமும் ஆஸ்திரேலிய யூக்கலிப்டஸ் மரங்களும், நடுவே நியூசிலாந்தின் ஹீபி என்னும் குறுஞ்செடிகளும் வளர்க்கப்படுகின்றன. யூக்கலிப்டஸைத் தைலமரம் என்றும் கற்பூரமரம் என்றும் நீலகிரியில் பார்த்துப் பழகிய தமிழருக்கு இச்சாலையின் மணம் புதிதாக இராது. சாலையின் இருமருங்கிலும் வெவ்வேறு போர்களுக்கும் படைப்பிரிவுகளுக்கும் உரிய நினைவுச் சின்னங்கள் வரிசையாக நிற்க, அவற்றின் முடிவில், நினைவகத்தின் வாயிலுக்கு மிக அருகில், கல்லிப்பொலியில் ஆஸ்திரேலியர்களை எதிர்த்து நின்ற துருக்கியத் தளபதி முஸ்தபா கெமால் அட்டாடுர்க்குக்கு 1985-இல் எழுப்பிய நினைவிடம் அமைந்துள்ளது. தம்மைத் தோற்கடித்த எதிரியின் தலைவருக்குத் தலைநகரின் தலைசிறந்த இடத்தில் இருக்கை அளித்திருக்கும் இச்செயல், வருகையாளரை ஒருகணம் நிற்க வைக்கும்.

வாயிலின் இருபுறமும் சிதைந்த இரு கற்சிங்கங்கள் அமர்ந்திருக்கின்றன. ஈப்பர் நகரிலிருந்து போர்முனைக்குச் செல்லும் மெனின் சாலையின் தொடக்கத்தில் இருந்த இவற்றைக் கடந்துதான் ஆயிரக்கணக்கான வீரர்கள் களம் புகுந்தனர். குண்டுவீச்சில் உடைந்த இச்சிங்கங்களை 1936-இல் அந்நகர் ஆஸ்திரேலியாவுக்கு அன்பளிப்பாக வழங்கியது. செம்மை செய்யப்பட்ட பின்னரும் முறிவின் தழும்புகள் மறைக்கப்படவில்லை.

உள்ளே நுழைந்ததும் கூரையற்ற நீண்ட முற்றம். நடுவே ஒரு நீர்த்தடாகமும் அணையா விளக்கும், ஓரங்களில் கல்லிப்பொலிச் சரிவுகளில் காடாக வளரும் ரோஸ்மேரிச் செடிகளும், தொலைவில் எண்கோண வடிவ நினைவு மண்டபமும் அமைந்திருக்க, முற்றத்தின் இரு நீள்பக்கங்களிலும் மேல்தளத்தில் தூண்கள் தாங்கிய தாழ்வாரங்கள் செல்கின்றன. கருவறையைச் சுற்றிய திருச்சுற்று மாளிகையில் நடந்து பழகியவருக்கு இந்த அமைப்பின் நோக்கம் விளக்கமின்றியே புலப்படும்: மையத்தை அடைவதற்கு முன் சுற்றி வரவேண்டும்; சுற்றி வரும்போது படிக்க வேண்டும். தாழ்வாரச் சுவர்கள் முழுவதும் வெண்கலப் பலகைகள். அவற்றில் 1885-இன் சூடான் படையெடுப்பு முதல் ஆப்கானிஸ்தான் வரையிலான போர்களில் இறந்த சுமார் 1,03,000 பேரின் பெயர்கள். ‘மாண்டோர் பட்டியல்’ என வழங்கும் இதில் பெயர்கள் படைப்பிரிவு வாரியாகவும், அதனுள் அகர வரிசையிலும் உள்ளன. பதவியோ, பெற்ற பதக்கமோ, பிறந்த ஊரோ ஒன்றும் இல்லை. படைத்தலைவரையும் சமையற்காரரையும் எழுத்தின் அளவால்கூட வேறுபடுத்தாத இந்த முடிவு, பார்வைக்கு எளியது; ஆனால் பதவியே மூச்சாக விளங்கும் ராணுவம் என்னும் நிறுவனத்துக்கு எழுப்பிய மண்டபத்தில் அதை நிலைநாட்டியது பெரிய துணிவு. தேடி வருபவருக்கு எண்ணிக்கை ஒரு பொருட்டன்று. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர், அந்தப் பெயர் கைக்கு எட்டும் உயரத்தில் தொடத்தக்கதாக இருக்கிறது.

அப்பலகைகளின் இடுக்குகளில் செந்நிறப் பாப்பி மலர்கள் செருகப்பட்டிருப்பதைக் காணலாம். பாப்பி என்பது கசகசா இனத்தைச் சேர்ந்த பூ. பீரங்கிகள் கிளறிய பிரெஞ்சு, பெல்ஜிய மண்ணில் முதலில் முளைத்தது அதுவாகையால் போரில் இறந்தவர்களின் அடையாளமாயிற்று. இங்கு கம்பியும் துணியுமாகச் செய்த பூக்களே செருகப்படுகின்றன. இந்த வழக்கத்தை எந்த அதிகாரியும் வகுக்கவில்லை. 1993-இல் பெயர் தெரியாத வீரர் ஒருவர் இங்கு அடக்கம் செய்யப்பட்ட நாளில், கல்லறையில் மலர் வைக்க வரிசையில் காத்திருந்த மக்கள், தாழ்வாரம் வழியே மெல்ல நகரும்போது, தம் குடும்பத்தவரின் பெயருக்கருகே இருந்த இடுக்கில் கையிலிருந்த பூவைச் செருகினர். அன்று மாலைக்குள் நூற்றுக்கணக்கான பூக்கள் சேர்ந்தன, அதன்பின் வழக்கம் நின்றதே இல்லை. திட்டமிட்ட சடங்குகள் பல இருக்கும் இக்கட்டடத்தில், மக்கள் தாமே கண்டுபிடித்த இந்தச் சடங்குதான் உள்ளத்தை மிகுதியாகத் தொடுகிறது.

நினைவு மண்டபத்தின் உட்சுவர்களை அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிச் சில்லுகளால் ஆன மொசைக் ஓவியம், அதாவது சிறுசிறு வண்ணத் துண்டுகளைப் பதித்து உருவாக்கும் சித்திரம், மூடியுள்ளது. சுவர்களில் தரைப்படை வீரர், கடற்படை வீரர், விமானப்படை வீரர், படைப்பணியாற்றிய பெண் என நால்வர் நிற்க, குவிமாடத்தில் இறந்தோரின் ஆன்மாக்கள் தென்சிலுவை விண்மீன்களின் நடுவே ஒளிரும் கதிரவனை நோக்கி எழுகின்றன. மூன்று பக்கங்களில் பதினைந்து வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். ஒவ்வொன்றிலும் துணிவு, தோழமை, பொறுமை என வீரர்களிடம் விளங்கியதாகக் கருதப்பட்ட ஒரு பண்புக்கு ஓர் உருவம். ஈடுபாடு என்னும் பண்புக்கு உருவமாக அமைந்தவர் ஒரு செவிலியர். இவ்வளவையும் வடிவமைத்த நேப்பியர் வாலர், 1917-இல் பிரான்சின் புலேக்கூர் போரில் வலக்கையை இழந்தவர். வலக்கையால் வரையப் பயின்றிருந்த ஓவியர், மருத்துவமனைப் படுக்கையிலேயே இடக்கையால் எழுதவும் வரையவும் புதிதாகக் கற்றுக்கொண்டார். அவருடைய வரைவுகளைப் பின்பற்றிச் சில்லுகளை ஒட்டி அடுக்கும் வேலையில் போர் விதவைகள் ஈடுபட்டனர் என்பதையும் சேர்த்து எண்ணும்போது, கைகளின் வரலாறு என்றே இந்த மண்டபத்தைச் சொல்லலாம். 1959-இல் மண்டபம் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

ஆனால் அதன் நடுவே அப்போது எவரும் துயிலவில்லை. அங்கு வீரர் ஒருவரின் மாபெரும் சிலைதான் நின்றது. லண்டனும் பாரிசும் 1920-இலேயே பெயரறியா வீரர் ஒருவரை அடக்கம் செய்துவிட்டன. லண்டனில் துயில்பவரே பேரரசு முழுவதற்கும் உரியவர் என்ற வாதம் ஆஸ்திரேலியாவில் பல்லாண்டுகள் நிலைத்தது. 1993-இல்தான், வடபிரான்சின் வில்லேர்-பிரெத்தொன்னே ஊருக்கு அருகிலுள்ள அடிலெய்ட் கல்லறைத் தோட்டத்திலிருந்து பெயர் தெரியாத ஆஸ்திரேலிய வீரர் ஒருவரின் எச்சங்கள் எடுத்துவரப்பட்டன. டாஸ்மேனியக் கருமரப் பேழை பழைய நாடாளுமன்ற மாளிகையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, நவம்பர் 11 அன்று ஏரியைக் கடந்து ஆன்சாக் பரேட் வழியே ஊர்வலமாக வந்தது. பேழையுடன் ஒரு துப்பாக்கி முனைக்கத்தியும், நீலகிரி மக்கள் சீகைமரம் என்று அழைக்கும் வாட்டிலின் சிறு கிளையும் வைக்கப்பட்டன. பிரதமர் பால் கீட்டிங் தம் இரங்கலுரையில், இவர் பெயரோ பதவியோ ஊரோ தமக்குத் தெரியாது, இனி ஒருபோதும் தெரியப்போவதும் இல்லை என்பதிலேயே ஊன்றி நின்று பேசினார். முதல் உலகப் போரில் போரிட்ட முதியவர் ஒருவர் போசியேர் களத்திலிருந்து கொண்டுவந்த மண்ணைப் பேழையின் மேல் தூவினார். பீன் நடந்து பார்த்த அந்த மண்ணே அது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், அறுபதாயிரம் குடும்பங்களின் சார்பில் ஒரே ஓர் உடல் வீடு வந்து சேர்ந்தது. அதுவரை பெயர்களின் மாளிகையாக மட்டும் இருந்த கட்டடம் அன்றுதான் கல்லறையாயிற்று.

காட்சிக்கூடங்கள் மண்டபத்தின் கீழும் பக்கங்களிலும் விரிகின்றன. கல்லிப்பொலித் தரையிறக்கத்தில் பயன்பட்ட படகொன்று குண்டுத் துளைகளுடன் நிற்கிறது. கூடங்களில் டயோரமாக்களும் உண்டு; டயோரமா என்பது முன்புறத்தில் சிற்ப உருவங்களும் பின்புறத்தில் வரைந்த அடிவானமும் இணைந்து ஒரு காட்சியை உயிர்ப்பிக்கும் பேழை. 1920-களில் இவற்றைச் செய்தவர்கள் சிற்பிகளும் ஓவியர்களும், களங்களை நேரில் பார்த்தவர்கள். இன்றைய திரைக்காட்சிகளுக்குப் பழகிய கண்ணையும் இவை பிடித்து நிறுத்துகின்றன, ஏனெனில் சேற்றில் கிடக்கும் அச்சிறு உருவங்களில் வெற்றிக் களிப்பின் சாயல் எதுவும் இல்லை. வில் லாங்ஸ்டாஃப் 1927-இல் வரைந்த ‘நள்ளிரவில் மெனின் வாயில்’ என்னும் ஓவியத்தில், நிலவொளியில் வாயில் தனித்து நிற்க, அதன்முன் விரிந்த வயலிலிருந்து தலைக்கவசம் அணிந்த ஆவிகள் எண்ணிலடங்காமல் எழுந்து வருகின்றன. கல்லறையைக் காண இயலாத குடும்பங்கள் நாடெங்கும் இந்த ஓவியத்தின் முன் திரண்டு நின்றதில் வியப்பில்லை.

தமிழகத்திலிருந்து வருபவர் நின்று பார்க்கவேண்டிய பொருள்களும் இச்சேகரிப்பில் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டுகள் பொழிந்து, பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளைத் தீப்பற்றி எரியச் செய்துவிட்டு இருளில் மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனின் மணியும் பீரங்கியும் இங்கு பாதுகாக்கப்படுகின்றன. அந்தச் சில நிமிடத் தாக்குதல் நகரின் மக்களில் பலரை ஊரைவிட்டே ஓடச் செய்தது. உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் உள்ள நினைவுப் பலகை இன்றும் அதைச் சொல்கிறது. சூழ்ச்சியும் துணிச்சலும் மிக்கவரை ‘சரியான எம்டன்’ என்று குறிப்பிடும் வழக்கும் தமிழில் நிலைத்துவிட்டது. ஏழே வாரங்களில், நவம்பர் 9 அன்று, இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை எதிர்கொண்டு கரைதட்ட வைத்தது. எம்டனில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். சென்னைக்கு எம்டன் ஒரு பேரச்சத்தின் பெயர்; கான்பெராவுக்கு அது ஒரு புதிய கடற்படையின் முதல் வெற்றி; பீனின் சொல்வழக்கின்படி, அந்த மணி இறந்த மாலுமிகளின் மீதப்பொருள். மூன்றும் ஒரே வெண்கலத்தில் அடங்கியிருக்கின்றன.

1942 மே 31 இரவில் சிட்னித் துறைமுகத்துக்குள் புகுந்த மூன்று ஜப்பானியக் குறு நீர்மூழ்கிகளில் இரண்டின் பகுதிகளை இணைத்து உருவாக்கிய கலமும் இச்சேகரிப்பில் உள்ளது. அத்தாக்குதலில் கட்டபுல் என்னும் கலத்தில் தூங்கிக்கொண்டிருந்த 21 மாலுமிகள் இறந்தனர். அப்படியிருந்தும், மீட்கப்பட்ட நான்கு ஜப்பானியர்களின் உடல்களுக்குத் துறைமுகத்தின் கடற்படைத் தளபதி முழு ராணுவ மரியாதை அளித்தார். கண்டனங்கள் எழுந்தபோதும், அவர்களின் சாம்பல் அதே ஆண்டில், போர் நடுவிலேயே, ஜப்பானுக்கு அனுப்பப்பட்டது. அந்நால்வருள் ஒருவரான மட்சுவோவின் தாய், எண்பது வயதைக் கடந்தபின், 1968-இல் ஆஸ்திரேலியா வந்து மகன் இறந்த நீர்ப்பரப்பைக் கண்டு சென்றார். மகனின் கல்லறையைப் பார்க்காமலேயே இறந்த ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலியத் தாய்மார்களை நினைத்து இந்த நினைவகத்தைக் கட்டிய ஒரு நாட்டில், இந்த நிகழ்ச்சிக்குத் தனிக் கனம் உண்டு.

பெருங்கலங்களையும் விமானங்களையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றுக்காக 2001-இல் எழுப்பப்பட்டுக் கட்டடக் கலைக்கான உயரிய தேசிய விருதையும் பெற்ற ஆன்சாக் கூடம், 2018-இல் அறிவிக்கப்பட்ட சுமார் 50 கோடி டாலர் விரிவாக்கத் திட்டத்துக்காக 2021-இல் இடிக்கப்பட்டது. நல்ல நிலையில் இருந்த கட்டடத்தை இடித்தது குறித்துக் கட்டடக் கலைஞர்களும் வரலாற்றாசிரியர்களும் எழுப்பிய எதிர்ப்பில் நியாயம் உண்டு; பெரிய இயந்திரங்களுக்கு இடம் பெருகப் பெருக, ஒரு பெயரின் முன் நிற்கும் அமைதிக்கு இடம் குறையும் என்ற அச்சம் அடிப்படையற்றதன்று.

இதனினும் ஆழமான குறையொன்றை முற்றத்துச் சுவர்களே காட்டுகின்றன. அங்கு வரிசையாகத் துருத்திநிற்கும் 26 கற்றலைகளில் கங்காரு முதலான விலங்குகளும் பறவைகளும் ஊர்வனவும் உள்ளன. அவற்றின் முடிவில் பழங்குடி ஆண் ஒருவரின் தலையும் பெண் ஒருவரின் தலையும் உள்ளன. மண்ணின் முதல் மக்களை அம்மண்ணின் விலங்கினங்களுடன் சேர்த்துக் கணக்கிட்ட காலத்தின் பார்வை, கல்லில் அப்படியே உறைந்திருக்கிறது. 1788-இல் பிரித்தானியக் குடியேற்றம் தொடங்கியது முதல், நிலத்துக்காகப் பழங்குடிகளுக்கும் குடியேறியவர்களுக்கும் இடையே கண்டமெங்கும் நடந்த மோதல்களும் படுகொலைகளும் ‘எல்லைப்புறப் போர்கள்’ என்று இன்று அழைக்கப்படுகின்றன. நினைவகத்தின் தொடக்க விழாவுக்கு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்வரை, 1928-இல், வடக்குப் பிரதேசத்தின் கோனிஸ்டனில் பழங்குடிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர்; அரசு விசாரணை ஒப்புக்கொண்ட எண்ணிக்கையே 31. அவர்களைச் சுட்ட காவல் குழுவுக்குத் தலைமை வகித்தவர் கல்லிப்பொலியில் போரிட்டுத் திரும்பியவர். அவருடன் கல்லிப்பொலியில் நின்று மாண்டவர்களுக்கு வெண்கலத்தில் பெயர் உண்டு. கோனிஸ்டனில் வீழ்ந்தவர்களுக்கு இங்கு பெயர் இல்லை.

அயல்நாட்டுப் போர்களில் ஆஸ்திரேலியச் சீருடையில் இறந்தவர்களுக்கே பட்டியல் உரியது என்று நிர்வாகம் பல்லாண்டுகள் வாதிட்டுவந்தது; 2022-இல்தான் எல்லைப்புற வன்முறையைக் காட்சிக்கூடங்களில் விரிவாகச் சேர்ப்பதாக அறிவித்தது. சீருடை அணிந்த பழங்குடிகளின் கதையும் இதனோடு பிணைந்ததே. ஐரோப்பிய வம்சாவளியினர் அல்லாதவரைப் படையில் சேர்க்கலாகாது என்ற விதி இருந்தும், முதல் உலகப் போரில் 1,000-க்கும் மேற்பட்ட பழங்குடியினர் எவ்வாறோ சேர்ந்து போரிட்டனர். திரும்பி வந்தபோது வாக்குரிமையிலும் நிலப்பங்கீட்டிலும் அவர்களுக்குப் பழைய நிலையே காத்திருந்தது. அவர்களின் பணிக்காக 2019-இல் வளாகத்தின் சிற்பத் தோட்டத்தில் ஒரு நினைவிடம் அமைக்கப்பட்டது.

அதே வளாகத்தில் வேலியிட்ட அலெப்போ பைன் மரம் ஒன்று நிற்கிறது. 1915 ஆகஸ்டில் கல்லிப்பொலியின் ‘தனிப்பைன்’ மேட்டில் நடந்த போரில், துருக்கியர் பதுங்குகுழிகளை மூடப் பயன்படுத்திய கிளைகளிலிருந்து காயொன்றை எடுத்து, உடன்பிறந்தவரை அதே போரில் இழந்த வீரர் ஒருவர் தம் தாய்க்கு அனுப்பினார். தாய் அதைப் பல ஆண்டுகள் வைத்திருந்து, பின்னர் விதைகளை முளைக்கவைத்து, இரு கன்றுகளுள் ஒன்றைக் கான்பெராவுக்கு அளித்தார். 1934-இல் அது இங்கு நடப்பட்டது. ஒரு மகன் வீழ்ந்த மண்ணிலிருந்து வந்து, தாயின் கையில் முளைத்து, இன்றும் காய்த்து விதை தருகிற உயிர் அது.

மாலையில் மூடும் நேரத்தில் முற்றத்தில் நாள்தோறும் ஒரு சிறு நிகழ்வு நடக்கிறது. துளையிசைக் கருவியில் ஓர் ஒப்பாரி இசைக்க, குடும்பத்தினர் தடாகத்தின் அருகே மலர்வளையம் வைக்க, பட்டியலில் உள்ள ஒரே ஒரு பெயருக்குரியவரின் வாழ்க்கை வாசிக்கப்படுகிறது: எந்த ஊர், என்ன தொழில், எங்கே இறந்தார், எவரை விட்டுச் சென்றார். பின்னர் பாசறையில் பகல்பணி முடிவதை அறிவிக்க ஊதும் ‘லாஸ்ட் போஸ்ட்’ என்னும் ஊதுகொம்பிசை ஒலிக்க, கதவுகள் மூடப்படுகின்றன. நாளுக்கு ஒருவர் வீதம் அந்தப் பட்டியல் முடிய 280 ஆண்டுகளுக்கு மேலாகும்.

கட்டடத்தின் பின்னாலிருந்து ஐன்ஸ்லி மலையுச்சிக்குச் செல்லும் நடைபாதையில் ஏறுபவர், சற்றுத் தொலைவிலேயே, மரங்களுக்கிடையே ஒரு பாறையில் பதித்த சிறு பலகையைக் காண்பார். ஆஸ்திரேலியப் படைகளில் பணியாற்றிய பழங்குடியினரை நினைவுகூர்ந்து, அரசோ நினைவகமோ அன்றித் தனியார் முயற்சியால் 1988-இல் வைக்கப்பட்டது அது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 25 அன்று, விடியலுக்கு முன் நினைவகத்தின் முன்னே பல்லாயிரம் பேர் இருளில் கூடி அஞ்சலி செலுத்திக் கலைந்தபின், ஒரு சிறு கூட்டம் மட்டும் அந்தப் பாதையில் ஏறிவந்து, காலை வெளிச்சத்தில் அப்பலகையின் முன் நிற்கிறது.